செலினுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது

தாம்பரம்
6 மே 2025

மதினிக்கு,

ஃபிளோரா எழுதுகிறேன். ஆறு வருஷமாக நீங்கள் என்னிடம் பேசுவதில்லை. போன் செய்தால் உங்கள் வீட்டுக்காரர் ஞானப்பிரகாசம் அண்ணன்தான் எடுக்கிறார். பின்னால் நீங்கள் பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்தச் சத்தத்திடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்க முடியாது என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி ஜோஷுவா மூன்றாம் தேதி பிள்ளைகளை உங்கள் வீட்டில் விட்டுவிட்டு, மறுநாள் கொச்சியில் கப்பல் ஏறிவிட்டார். இனி நவம்பரில்தான் வருவார். பத்து நாள் போதும் என்றுதான் நான் சொன்னேன். "அக்காவுக்கு மனசு இளகிட்டு, பிள்ளையளப் பாக்கணும்னு துடிக்கா. லீவு முழுக்க இருக்கட்டும்" என்று பிடிவாதம் பிடித்தார். ஆறு வருஷமாக இளகாத மனசு இந்தக் கத்திரி வெயிலில் எப்படி இளகியது என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடையாது. அதனால் சம்மதித்தேன்.

சில விஷயங்கள் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜெனிஷாவுக்கு ஒன்பது வயது, அவள் தன்னைத் தானே பார்த்துக்கொள்வாள். சின்னவள் செலினுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. தின்றால் உதடு வீங்கிவிடும். புன்னைக்காயலில் இருந்துகொண்டு இறால் இல்லாமலா என்று யாராவது ஆசையாக ஊட்டிவிடப் போகிறார்கள். முகத்துவாரத்தில் ஆறும் கடலும் சேரும் இடத்துக்கு இரண்டு பேரையும் தனியாக விட வேண்டாம்.

இருபத்தெட்டாம் தேதி இருவரையும் அண்ணன் ரயிலில் கொண்டு வந்து விட்டால் போதும். ஜூன் இரண்டு பள்ளிக்கூடம்.

ஃபிளோரா

~

சேசு மரி சூசை

புன்னைக்காயல்
10 மே 2025

ஃபிளோராவுக்கு,

அன்புள்ள என்று எழுதப் பேனாவை வைத்தேன், வரவில்லை. பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உன்னிடம் என் நாக்கு பேசாது என்று அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் சத்தியம் செய்தவள் நான். உன் கடிதம் வந்ததும் பங்குச் சாமியாரிடம் போய், எழுதினால் சத்தியம் முறியுமா என்று கேட்டேன். "நாக்குன்னுதானே சொன்னீங்க, கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்று சிரித்தார். ஆகவே கை எழுதுகிறது.

இறால் சங்கதி படித்தேன். பிறந்ததிலிருந்து மீனும் வலையுமாகக் கிடப்பவளுக்கு எந்த உடம்புக்கு எது ஆகும் என்று தாம்பரத்திலிருந்து தபால் வருகிறது. வந்த அன்றைக்கே செலின் என்னிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இந்த வீட்டுக்குள் இறால் ஏறவில்லை. இவருக்குத்தான் முகம் தொங்கிப் போயிருக்கிறது.

பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஜெனிஷா மாமாவோடு தோணியில் அக்கரை வரைக்கும் போய் வருகிறாள். செலின் என்னோடுதான். சாயங்காலம் மாதா வணக்க மாதச் செபமாலைக்கு வருகிறாள், பாதியில் தூங்கிவிடுகிறாள். ஆத்தங்கரைக் காற்றுக்கு நெற்றியில் முடி விழாமல் இரட்டைச் சடை போட்டுவிட்டிருக்கிறேன். அவளுக்குச் சளி பிடித்தால் நீ என்ன கொடுப்பாய்? இருட்டுக்குப் பயப்படுவாளா? ஒரு இடம் பழக அவளுக்கு எத்தனை நாள் ஆகும்? எல்லாவற்றையும் வரிசையாக எழுது. எனக்குத் தெரிய வேண்டும்.

ஜெனிஷாவை இருபத்தெட்டாம் தேதி இவர் கொண்டு வந்து விடுவார். நீ இருவரையும் என்று எழுதியிருந்தாய். பழக்கத்தில் கை எழுதிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். உன்னைப் பற்றி நான் ஊரெல்லாம் என்னென்னவோ பேசியிருக்கிறேன். ஆனால் நீ இப்போது செய்திருப்பது பெரிய காரியம். எல்லாப் பெண்களாலும் முடியாது. அதை எழுதாமல் விட்டால் பாவம். எழுதிவிட்டேன்.

அந்தோணியம்மாள்

~

தாம்பரம்
14 மே 2025

மதினிக்கு,

என்ன பெரிய காரியம்? நான் என்ன செய்தேன்? இருவரையும் என்று நான் தெரிந்துதான் எழுதினேன். ஜெனிஷா வந்தால் செலின் எங்கே இருப்பாள்?

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நீ அவளையே கேளு. நான் நடுவுல வரல" என்று வைத்துவிட்டார். ஒன்றும் தெரியாதவர் நடுவில் வருவதற்கு ஏன் பயப்பட வேண்டும்?

அப்புறம் ஜெனிஷாவைக் கூப்பிட்டுப் பேசினேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அம்மா, செலினுக்கு மட்டும் சுடலைவடிவு அக்கா யூனிஃபார்ம் தைக்க அளவு எடுத்தாங்க. நீலப் பாவாடை. எனக்கு எடுக்கல" என்றாள். அத்தை செலினைப் பள்ளிக்கூடத்துச் சிஸ்டரிடம் கூட்டிப் போனதாகவும், அங்கே "என் மவதான் சிஸ்டர்" என்று சொன்னதாகவும் சொன்னாள். ஜெனிஷா பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

போனை வைத்துவிட்டு பீரோவைத் திறந்தேன். பிள்ளைகளின் கவரில் ஜெனிஷாவின் தாள்கள் எல்லாம் இருக்கின்றன. செலினின் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஞானஸ்நானச் சான்றிதழ் இல்லை. ஆதார் இல்லை. லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? உங்கள் தம்பி எடுத்துக் கொடுத்தாரா, நீங்கள் கேட்டு வாங்கினீர்களா?

மார்ச் மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது, "சின்னவ ஒரு வருஷம் ஊருல படிக்கட்டுமே" என்று அவர் சொன்னார். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, முடியாது என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விட்டுவிட்டார் என்று நினைத்தேன். இப்போது மெயில் அனுப்பினால் பதில் இல்லை. கரையைத் தொட்டால்தான் பார்ப்பார்.

உங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக நான் வருத்தப்படாத நாள் இல்லை, நம்பினாலும் நம்பாவிட்டாலும். ஆனால் செலின் உங்களுக்குச் சொந்தம் கொண்டாடக் கிடைத்தவள் இல்லை. அவளுக்கு ஞானத்தாயாகக்கூட வர மாட்டேன் என்று சொன்னவர் நீங்கள். அன்றைக்கு வேண்டாதவளாக இருந்தவள் இன்றைக்கு எப்படி உங்கள் மகளானாள்? நீங்கள் மறுத்ததால்தான் என் தங்கை கிரேஸைக் கூப்பிட்டேன். அதற்கும் நீங்களே கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தினீர்கள். ஆறு வருஷமாக எனக்கு அந்தக் கணக்கு புரியவே இல்லை.

இருபத்து மூன்றாம் தேதி வரைக்கும் எனக்கு லீவு தர மாட்டார்கள். அதற்குள் இரண்டு பேரையும் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் நான் வேறு மாதிரி வருவேன்.

ஃபிளோரா

~

சேசு மரி சூசை

புன்னைக்காயல்
17 மே 2025

ஃபிளோரா,

நாடகம் ஆடாதே. கொடுத்துவிட்டு மனசு மாறினால் மாறிவிட்டது என்று எழுது. என்னைப் பிள்ளை பிடிக்கிறவளாக ஆக்காதே.

நீ மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். செலின் பிறந்த வருஷம் எனக்கு நான்காவதும் தங்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரே ஆஸ்பத்திரியில், நீ மேலே பிள்ளையோடு இருந்தாய், நான் கீழே வெறும் கையோடு கிடந்தேன். ஜோஷுவா படி இறங்கி வந்து என் கட்டிலில் உட்கார்ந்து அழுதான். எங்கள் அம்மா செத்தபோது அவனுக்கு நான்கு வயது. அவனுக்குச் சோறு ஊட்டியது, குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்தில் விட்டது எல்லாம் நான்தான். அவன் அழுது நான் தாங்க மாட்டேன், நான் அழுது அவன் தாங்க மாட்டான். அப்போதுதான் சொன்னான்: "எக்கா, இந்தப் பிள்ள உனக்கு. ஃபிளோராவும் சம்மதிச்சிட்டா. பால்குடி மறக்கட்டும், கொண்டாந்து தாரேன்." நான் கேட்கவில்லை, ஃபிளோரா. அந்தோணியார் சாட்சி. அவனாகச் சொன்னான்.

ஞானஸ்நானத்துக்கு நான் மறுத்தேனா? வெள்ளைக் கவுன், வெள்ளிக் கொலுசு, மெழுகுதிரி எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். முந்தின நாள் வந்து உன் புருஷன் என்ன சொன்னான் தெரியுமா? "பெத்த தாய் ஞானத்தாய் ஆக முடியாதுன்னு கோயில் சட்டம் இருக்கு. நாளைக்கு நீதான் அவளுக்கு அம்மா. நீ எப்படி ஞானத்தாயா நிப்ப? பேசாம பின்னால இரு" என்றான். சட்டம் உள்ளதுதான். சாமியாரையும் கேட்டேன். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, உன் தங்கை என் பிள்ளையைத் தொட்டியில் பிடிப்பதைச் சிரித்துக்கொண்டே பார்த்தேன். என் பிள்ளை என்று நினைத்ததால்தான் சிரிக்க முடிந்தது.

பால்குடி மறந்தது. பிள்ளை வரவில்லை. கேட்டால், "ஃபிளோரா இப்ப தரமாட்டேங்கா, பொறு எக்கா" என்றான். ஒரு மாதம் பொறுத்தேன். அப்புறம்தான் சத்தியம் செய்தேன். கொடுத்த வாக்கை விழுங்கிவிட்ட பெண்ணோடு என்ன பேச்சு?

இந்த மாதம் மூன்றாம் தேதி இரண்டு பிள்ளைகளோடும் செலினின் தாள்களோடும் வந்து நின்றான். "அவ மனசு வச்சிட்டா" என்றான். போகும்போது ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனான். அதை இதோடு வைத்திருக்கிறேன். படி. படித்துவிட்டு, நீ கொடுத்தாயா இல்லையா என்று ஒரே வார்த்தையில் எழுது.

அந்தோணியம்மாள்

(சீட்டில்: "அக்கா, ஃபிளோராகிட்ட போன்ல பேசிராத. நீ பேசமாட்டன்னு தெரியும், இருந்தாலும் சொல்லுதேன். உன் குரலக் கேட்டா அழுது மனசு மாறிருவா. பள்ளிக்கூடத்துல சேத்துட்டா அப்புறம் எல்லாம் சரியாயிரும். ஜோ.")

~

தாம்பரம்
20 மே 2025

மதினி,

தபாலுக்கு எனக்குப் பொறுமை இல்லை. இதைப் படம் பிடித்து அண்ணனின் போனுக்கு அனுப்புகிறேன். அவரிடம் சொல்லி வாங்கிப் படியுங்கள்.

இல்லை. நான் கொடுக்கவில்லை. ஒரு நாளும் கொடுக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவே இல்லை.

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் உடை மாற்றும் அறையில் வைத்துப் படித்தேன். முதலில் அந்தச் சீட்டை நீங்களே எழுதியிருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அவருடைய பழைய கடிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். 'ஜோ' என்று போட்டு அடியில் இழுக்கும் கோடு அப்படியே இருக்கிறது. அந்தக் கோட்டை எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் எத்தனையோ கடிதத்தில் பார்த்திருக்கிறேன். உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சந்தேகம் இன்னும் முழுதாக விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பொய் எதற்கு.

அவர் என்னிடம் சொன்னதை நீங்கள் கேளுங்கள். நீங்கள் மருந்து மயக்கத்தில் இருக்கிறீர்கள், பிள்ளையைக் காட்டினால் மனசு உடைந்துவிடும் என்று என்னைக் கீழே வரவிடாமல் செய்தார். நான் வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், "அக்கா ஞானத்தாயா வரமாட்டேன்னுட்டா. தனக்கு இல்லாத பிள்ளைய யாருக்கோ தூக்கிப் பிடிக்க மாட்டாளாம்" என்றார். அன்று கோயிலில் நீங்கள் கடைசி பெஞ்சில் சிரித்துக்கொண்டு இருந்ததை நான் பார்த்தேன். என்ன கல் மனசு என்று நினைத்தேன்.

நீங்கள் எதற்குச் சிரித்தீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. உங்களுக்காகவா எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உங்களிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என்னிடம் கேட்கவும் வாய் வரவில்லை. நாம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தது அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது பாருங்கள்.

எனக்கு இப்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டும். என் பிள்ளையைத் திருப்பித் தருவீர்களா? வெள்ளிக்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். தனியாக வரவா, போலீசோடு வரவா என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஃபிளோரா

~

சேசு மரி சூசை

புன்னைக்காயல்
21 மே 2025

ஃபிளோரா,

இவர் போனில் படித்தேன். என் பதிலையும் இவர் படம் பிடித்து அனுப்புவார்.

நீ வராதே.

இந்த வரியைப் பார்த்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று தெரியும். மீதியையும் படி. நீ வந்து என் வாசலில் நின்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், இந்த ஊருக்கு நான் பிள்ளை திருடி. நானே கொண்டு வந்து விட்டால், லீவுக்கு வந்த பிள்ளையை அத்தை கொண்டு விட்டாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சிஸ்டரிடம் நேற்றே போய், சேர்க்கவில்லை என்று சொல்லித் தாள்களைத் திருப்பி வாங்கிவிட்டேன்.

உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, செலினைக் கூட்டிக்கொண்டு முட்டத்தில் இவர் தங்கை வீட்டுக்குப் போய்விடலாம் என்று பை எடுத்து வைத்தேன். இரண்டு பாவாடை, சட்டை, ஒரு துண்டு, அவள் குடிக்கும் டம்ளர். இவர் வாசல்படியில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை. செலின் வந்து, "எங்க போறோம்?" என்று கேட்டாள். "அம்மாகூட ஒரு ஊருக்கு" என்றேன். பதினெட்டு நாளாக என்னை அம்மா என்று கூப்பிடப் பழக்கிக்கொண்டிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "ஐ, அம்மா வந்துட்டாங்களா?" என்று தெருவுக்கு ஓடினாள். நீ நிற்கிறாயா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்புறம் திரும்பி வந்து, "எங்க அத்தை, காணோம்?" என்றாள்.

அதற்குமேல் நான் என்ன செய்ய? பையைப் பிரித்து வைத்துவிட்டேன்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. உன் மேல் இல்லை. நான் சோறூட்டி வளர்த்த பயல் என்னைப் பொய்யில் வைத்து வளர்த்திருக்கிறான். இல்லைக்கா, தரமுடியாது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு வாரம் அழுதிருப்பேன். ஆறு வருஷம் செலின் பிறந்தநாளுக்குப் பாயாசம் வைத்துத் தனியாகத் தின்றிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை செந்தூர் ரயிலில் ஏறுகிறோம். சனிக்கிழமை காலை தாம்பரத்தில் நில். போலீஸ் வேண்டாம்.

அந்தோணியம்மாள்

~

தாம்பரம்
1 ஜூன் 2025

அன்புள்ள மதினிக்கு,

அவசரம் எதுவும் இல்லாததால் இதைத் தபாலிலேயே அனுப்புகிறேன்.

அன்று ரயில் வந்து நிற்கிற வரைக்கும் நீங்கள் வருவீர்கள் என்று நான் நம்பவில்லை. கிரேஸையும் கூட நிறுத்தியிருந்தேன், அவள் கையில் போலீஸ் நம்பர் இருந்தது. ஜெனிஷா முதலில் குதித்தாள். அப்புறம் நீங்கள் செலினைத் தூக்கிக்கொண்டு இறங்கினீர்கள். ஏழு வயதுப் பிள்ளையை யாரும் தூக்க மாட்டார்கள். ஏன் தூக்கினீர்கள் என்று தெரிந்ததால் நான் ஓடி வந்து வாங்கவில்லை. நீங்களாக இறக்கிவிடும் வரைக்கும் நின்றேன். வெகுநேரம் ஆனது போல இருந்தது.

அவள் கையை என் கையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நீங்கள் பேசினீர்கள். ஆறு வருஷத்துக்குப் பிறகு உங்கள் நாக்கிலிருந்து எனக்கு வந்த முதல் பேச்சு: "பிள்ளைக்கு எறால் குடுக்கல."

என் வீட்டில் ஒன்றரை நாள் இருந்தும் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. சத்தியத்தில் மிச்சம் இருந்ததைக் காப்பாற்றினீர்கள் போலிருக்கிறது. செலினின் மூன்று தாள்களையும் பீரோவில் அதே கவரில் அதே இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் எடுத்து எண்ணிப் பார்த்தேன். எண்ணியதற்கு வெட்கப்பட்டேன்.

இன்று காலை அவரிடமிருந்து செய்தி வந்தது. கப்பல் சிங்கப்பூரைத் தொட்டிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: "அக்கா பிள்ளைய விடமாட்டேங்கான்னு கேள்விப்பட்டேன். நீ ஒண்ணும் சண்ட போடாத. நவம்பர்ல நான் வந்து பேசி வாங்கித் தாரேன்." பிள்ளை பக்கத்தில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருக்கிறது. நான் பதில் போடவில்லை. உங்களுக்கு ஏதாவது அனுப்பியிருந்தால் சொல்லுங்கள். இவரோடு இனி எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை, மதினி. சோறு போடும்போதெல்லாம் இவர் சொல்வது யாருக்குச் சொல்லும் பொய் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. செலின் பெரியவளானதும் உறுதிப்பூசுதல் வரும். அதற்கும் ஒரு ஞானத்தாய் நிற்க வேண்டும். பெற்ற தாய் நிற்க முடியாது, சட்டம். நீங்கள் பெற்ற தாய் இல்லை, மதினி. நீங்கள் நிற்கலாம்.

ஃபிளோரா

~

சேசு மரி சூசை

புன்னைக்காயல்
5 ஜூன் 2025

அன்புள்ள ஃபிளோராவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கடைசிப் பத்தியை அதற்குமேல். நிற்கிறேன்.

சத்தியம் முறிந்ததற்கு அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில், என்ன பேசினாய் என்று சாமியார் கேட்டார். இறாலைப் பற்றி என்றேன். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

சுடலைவடிவு யூனிஃபார்மைத் தைத்துக் கொண்டு வந்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல நான் மறந்துவிட்டேன். பெட்டியில் மடித்து வைத்திருக்கிறேன். யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. பின்னால் வேறு யாரும் சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். வீட்டில் மறுபடியும் இறால் வாங்கினோம். இவர் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

நீ கேட்டாய் அல்லவா, எனக்கும் செய்தி வந்தது. உனக்கு வந்த அதே நாள். இவர் போனிலிருந்து பார்த்து எழுதுகிறேன்: "எக்கா, செலின் பழகிட்டாளா? ஃபிளோரா தெனமும் அழுதாலும் மனசு மாறல. நீ அவகூடப் பேசிராத, காரியம் கெட்டுரும்." உன்னுடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவனுடைய கை அசரவே இல்லை.

"பழகிட்டா" என்று மட்டும் பதில் போடச் சொன்னேன். நீயும், "சரி, நீங்க வந்து வாங்கித் தாங்க" என்று போட்டுவிடு.

நவம்பரில் அவன் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு வந்தாலும் இறங்குகிற இடத்தில் நீயும் வந்து நில், நானும் வந்து நிற்கிறேன். செலினை நடுவில் நிறுத்துவோம். யாரிடம் முதலில் பேசுகிறான் என்று பார்ப்போம்.

அதுவரைக்கும் அவனைப் பொறுத்தவரையில் நமக்குள்ளே பேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் போடு, நான் எடுக்கிறேன்.

மதினி
அந்தோணியம்மாள்